பாதுகாப்புப் பாட்டின் சொந்தக்காரி

வழக்குக்கு வந்த கட்சிக்காரரின் கையிலிருந்து செல்போனைப் பிடுங்கியிருக்கிறீர்களா? நான் பிடுங்கியிருக்கிறேன். கேட்காமல் கொள்ளாமல், பட்டென்று. அந்தப் பெண் மிரண்டுபோய் நாற்காலியோடு பின்னால் நகர்ந்துவிட்டாள். செய்தது சரி என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். இன்னும் ஒரு நொடி விட்டிருந்தால், தன் பெயர், ஊர், போன் நம்பர் எல்லாவற்றையும் தன்னைத் தேடி அலைந்துகொண்டிருந்தவர்களுக்கு அவளே அனுப்பி வைத்திருப்பாள்.

ஓசூர் நீதிமன்றத்தில் புதிதாகக் கறுப்புக் கோட்டு மாட்டிக்கொண்டிருக்கும் நீங்கள், இணையத்தில் பேச்சுரிமை, பதிப்புரிமை, அந்தரங்க உரிமை என்று பெரிய பெரிய தலைப்புகளைக் கொடுத்து என்னை எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். நான் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்ட தொழிலாளர் வழக்குக்காரி. போனில் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கத் தெரியும், அவ்வளவுதான் என் தொழில்நுட்பம். சட்டப் பிரிவுகளை என்னைவிட நீங்கள் நன்றாக ஒப்பிப்பீர்கள். ஆகவே அதை உங்களிடமே விட்டுவிட்டு, அந்தப் போனைப் பிடுங்கிய கதையைச் சொல்கிறேன்.

அவளைப் பூங்கொடி என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயர் அதுவல்ல. ஊர் சிங்காரப்பேட்டைப் பக்கம் என்று வைத்துக்கொள்வோம். அதுவும் நான் மாற்றியதுதான். கம்பெனியின் பெயரையும் கேட்காதீர்கள். இந்த எல்லையில் கம்பெனிக்கா பஞ்சம்?

வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை அது. தகட்டை வைத்தால் மேலிருந்து அச்சு இறங்கி அடிக்கும் பிரஸ் மெஷின்கள் வரிசையாக நிற்கும். ஆளின் கை உள்ளே இருந்தால் மெஷின் இறங்காமல் நிற்பதற்கு ஒரு சென்சார் உண்டு. அங்கே வேலை செய்கிறவர்கள் அதைக் 'கண்ணு' என்பார்கள். கண் ஒழுங்காக வேலை செய்தால் மெஷின் அடிக்கடி நிற்கும். மெஷின் நின்றால் உற்பத்தி குறையும். உற்பத்தி குறைந்தால் சூப்பர்வைசருக்குத் திட்டு விழும். அதனால் கை உள்ளே இருந்தாலும் மெஷின் நிற்காதபடி வயரை மாற்றிக் கொடுத்துவிட்டு, கண்ணின்மேல் கறுப்பு டேப்பை ஒட்டி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் லதா என்ற பெண்ணுக்கு இரண்டு விரல் போயிற்று. தொழிலாளியின் கவனக்குறைவு என்று கம்பெனி கையைக் கழுவிவிட்டது.

பக்கத்து மெஷினில் நின்ற பூங்கொடிக்கு அது பொறுக்கவில்லை. டேப் ஒட்டிய கண்ணையும், அதன் கீழே மெஷின் இறங்கி அடிப்பதையும் தன் போனில் படம் பிடித்தாள். உள்ளே கொண்டுபோகக் கூடாத போனை எப்படிக் கொண்டுபோனாள் என்று நான் கேட்கவில்லை, நீங்களும் கேட்காதீர்கள். பெயரில்லாத ஒரு கணக்கிலிருந்து அந்த வீடியோவை இணையத்தில் போட்டாள். ஓசூர் முழுக்கப் பரவி, கர்நாடக எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளி வரைக்கும் போனது. 'கவனக்குறைவு' என்று சொன்னவர்களின் வாய் அடைத்தது. அவசர அவசரமாக டேப்பையும் பிரித்தார்கள்.

பிறகு ஒருநாள் வீடியோவைக் காணோம். பதிப்புரிமை மீறல் என்று புகார் வந்திருக்கிறது, அதனால் எடுத்துவிட்டோம் என்று அந்த வீடியோ தளம் அவளுக்குத் தகவல் அனுப்பியிருந்தது. என்ன மீறல் தெரியுமா? ஷிஃப்ட் தொடங்கும்போது தொழிற்சாலையின் ஒலிபெருக்கியில் பாதுகாப்புப் பாட்டு ஒன்று போடுவார்கள். வீடியோவின் பின்னணியில் அது கேட்கிறது. பாட்டு எங்கள் சொத்து, அனுமதியில்லாமல் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்று கம்பெனி புகார் கொடுத்திருந்தது. விரல் போனதைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது.

பூங்கொடி வார விடுமுறையில் என் அலுவலகத்துக்கு வந்தாள். மறுப்புத் தெரிவிக்கத் தளமே ஒரு படிவம் கொடுத்திருந்தது. என் எதிரில் உட்கார்ந்துகொண்டே அதை நிரப்பி முடித்துவிட்டாள். நான் எட்டிப் பார்த்தேன். முழுப்பெயர், முகவரி, போன் நம்பர். அதன் கீழே பொடி எழுத்தில், இந்த விவரங்கள் புகார் கொடுத்தவருக்கு அனுப்பப்படும் என்று இருந்தது. அப்போதுதான் பிடுங்கினேன்.

"அனுப்பிட்டியா?"

"இல்ல மேடம். இப்பத்தான் அமுக்கப் போனன்."

"நல்ல வேளை. இது யாருக்குப் போகும்னு பாத்தியா? உன் கம்பெனிக்குப் போகும்."

அவள் முகம் வெளுத்தது. "நம்ம பக்கந்தான் நியாயம்னு நீங்களே சொன்னீங்களே மேடம்?"

"நியாயம் உன் பக்கந்தான். உன் அட்ரஸும் உன் பக்கமே இருக்கட்டும்."

உங்களில் ஒருவர் இப்போதே கையைத் தூக்குவது எனக்குத் தெரிகிறது. பின்னணியில் தற்செயலாகக் கேட்ட பாட்டுதானே, நடப்புச் செய்தியைச் சொல்வதற்கான நியாயமான பயன்பாடுதானே, சுலபமாக ஜெயிக்கலாமே என்பீர்கள். ஜெயிக்கலாம். ஆனால் ஜெயிப்பதற்கு முன்னால் எழுந்து நின்று பெயரைச் சொல்ல வேண்டும். பெயரைச் சொன்ன அன்றைக்கே வேலை போகும். வேலை போனால் கம்பெனி ஹாஸ்டலில் இருக்கும் கட்டிலும் போகும். வீட்டில் அவளுக்குக் கல்யாணம் செய்து வைக்கத் துடித்துக்கொண்டிருந்தார்கள். ஊருக்குப் பெட்டியோடு போனால் திரும்பி வர விடமாட்டார்கள். "வேல மட்டும் போவக் கூடாது மேடம், போனா நான் அவ்வளவுதான்" என்று அவள் சொன்னபோது குரல் உடைந்துவிட்டது. கட்சிக்காரர் வாழ்க்கையைக் கொடுத்து ஜெயிக்கும் வழக்கு வக்கீலுக்கு மட்டும்தான் வெற்றி.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. எங்கள் நீதிமன்றத்தை எவ்வளவோ திட்டியிருக்கிறேன், வாய்தாவுக்கு மேல் வாய்தா வாங்கிச் சலித்திருக்கிறேன். ஆனால் அங்கேகூட எதிர்த்தரப்பை ஒரு வார்த்தை கேட்பார்கள். இங்கே புகார் போனதும் வீடியோ விழுந்துவிடுகிறது. எழுப்பி நிறுத்த வேண்டுமானால் விழுந்தவர் தன் முகத்தைக் காட்ட வேண்டும். கம்பெனிக்குத் தேவைப்பட்டது பாட்டு அல்ல, அந்த முகம்தான். பொய் என்று மறுக்கவோ மானநஷ்டம் என்று வழக்குப் போடவோ போனால் டேப்பைப் பற்றிப் பேச வேண்டிவரும். பாட்டென்றால் டேப்பைப் பற்றிப் பேசாமலே ஆளைப் பிடித்துவிடலாம். யோசித்தவன் கெட்டிக்காரன், ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு பேச்சுக்குத்தான் கேட்டேன். "அந்தப் பாட்டு எங்க வாங்கினாங்க? சினிமாக்காரங்க யாராவது போட்டுக் குடுத்தாங்களா?"

"சினிமாக்காரங்களா? அது மாதம்மாக்கா பாட்டு மேடம். எங்க ஹவுஸ்கீப்பிங் அக்கா. பாதுகாப்பு வாரத்துல போட்டி வெச்சாங்க, அப்ப அவங்களே கட்டிப் பாடனாங்க. நல்லா இருக்குதேன்னு ரெக்கார்டு பண்ணி டெய்லி போடறாங்க."

மாதம்மாவை எனக்குத் தெரியும். அஞ்செட்டிப் பக்கத்து மலைக் கிராமத்துக்காரி. பல வருடமாக அதே தொழிற்சாலையையும் அதன் ஹாஸ்டலையும் கூட்டிப் பெருக்கி வந்தாலும், அவர் பெயர் காண்ட்ராக்டர் கணக்கில்தான் இருந்தது. அவரைப் போன்றவர்களைக் கம்பெனியின் தொழிலாளர்கள் என்று அறிவிக்கக் கோரும் வழக்கை நான்தான் நடத்திக்கொண்டிருந்தேன். 'இவர்கள் எங்கள் ஆட்களே அல்ல, எங்களுக்கும் இவர்களுக்கும் எந்த வேலை உறவும் கிடையாது' என்று கம்பெனி வாய்தாவுக்கு வாய்தா வந்து சாதித்துக்கொண்டிருந்தது. கேட்டுக் கேட்டு எனக்கே அது மனப்பாடம்.

பூங்கொடி போன பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. ஒரு பாட்டை எழுதியவரே அதன் முதல் சொந்தக்காரர். வேலையின் பகுதியாக, முதலாளிக்காக எழுதினால்தான் முதலாளிக்குப் போகும். மாதம்மா உங்கள் ஆளே இல்லையென்றால் பாட்டு எப்படி ஐயா உங்களுடையது? பாட்டு உங்களுடையது என்றால் மாதம்மா யாருடைய ஆள்? நான் தனியாக உட்கார்ந்து சத்தம்போட்டுச் சிரித்தேன்.

சிரிப்பு அடங்கியதும் பயம் வந்தது. ஒரு பெண்ணின் பெயரை மறைக்க இன்னொரு பெண்ணின் பெயரை முன்னால் நிறுத்தப் போகிறேனா? இவள் வேலை பெரிது, அவள் வேலை சிறிதா? சட்டத்தில் ஓட்டை கிடைத்த சந்தோஷத்தில் வக்கீல்கள் இதை மறந்துவிடுவோம். இதற்கு நான் விடை தேடி முடிப்பதற்குள் கம்பெனி அடுத்த காயை நகர்த்திவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை பூங்கொடி போனில் கூப்பிட்டாள். குரல் கிசுகிசுத்தது. "மேடம், ஹெச்.ஆர். சார் ஹாஸ்டலுக்கு வந்திருக்காரு. எல்லாரையும் ஹால்ல நிக்க வெச்சு போனத் தெறந்து காட்டுன்றாங்க. ஒவ்வொருத்தரா பாத்துக்கினு வராங்க. என் போன்ல வீடியோ இருக்குது."

வீடியோவின் நகலை நான் முன்பே பத்திரப்படுத்தச் சொல்லியிருந்தேன், மூலத்தை அழிக்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தேன். இப்போது அந்த மூலம் அவள் கையில் இருந்தது. மாட்டேன் என்று அவள் ஒருத்தி மட்டும் சொன்னால், நான்தான் என்று சொன்னதாக ஆகிவிடும். எல்லோரும் மறுக்க வேண்டும், இல்லையென்றால் பயனில்லை. ஆனால் எல்லோரையும் அவள் எப்படி மறுக்க வைப்பாள்?

"உன் பக்கத்துல யாரு இருக்கா?"

"மாதம்மாக்கா பாத்ரூம் கழுவிக்கினு இருக்காங்க."

"போனை அவங்க கையில குடு. நீ போய் வரிசையில நில்லு."

மாதம்மாவிடம் நான் சொன்னது கொஞ்சம்தான். போலீஸ் இல்லாமல், சட்டப்படி உத்தரவு இல்லாமல், ஒருத்தருடைய போனைத் திறந்து காட்டச் சொல்ல யாருக்கும் அதிகாரம் கிடையாது, அந்தப் பெண்களுக்கு அது தெரியாது என்றேன். அவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று. "அப்ப காட்ட மாட்டன்னு சொன்னா தப்பில்லையா மேடம்?" தப்பில்லை என்றேன். போனை அணைக்காமலே இடுப்பில் செருகிக்கொண்டு ஹாலுக்குப் போய்விட்டார். மிச்சத்தை நான் காதால் கேட்டேன்.

"சார், என்னாத்துக்கு சார் பொண்ணுங்க போனப் பாக்கறீங்க?"

"நீ போய் வேலையப் பாரும்மா. இது கம்பெனி ஹாஸ்டல். கம்பெனி ரூல்."

"ஹாஸ்டலு கம்பெனிது சார். போனு இதுங்க சம்பாரிச்சு வாங்கனது. உள்ள இதுங்க வூட்டு விசயம் இருக்கும், கட்டிக்கப் போறவன்கிட்டப் பேசனது இருக்கும், துணி மாத்தற போட்டோகூட இருக்கும். நீங்க ஆம்பள, பாக்கலாமா?"

"வார்டன் மேடம்தான் பாக்கறாங்க."

"சரி சார். அப்ப மொதல்ல உங்க போனத் தெறந்து குடுங்க. நாங்க பாக்கறோம். நீங்க உங்க வூட்டம்மாவுக்கு என்னா அனுப்பினீங்க, வேற ஆருக்கு என்னா அனுப்பினீங்க, எல்லாத்தையும் பாக்கறோம். அப்பறம் நாங்க வரிசையா காட்டறோம்."

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். அது ஹால் முழுக்கத் தொற்றியது. "ஆமா சார், காட்டுங்க!" என்றது ஒரு குரல். "தோரிசி சார்!" என்று கன்னடத்தில் ஒருத்தி. "சூபிஞ்சண்டி சார்!" என்று தெலுங்கில் இன்னொருத்தி. பிறகு எந்த மொழி என்றே பிரிக்க முடியாத சத்தம். கொஞ்ச நேரத்தில் கார் கிளம்பும் ஓசை கேட்டது. நான் என் வீட்டுக் கூடத்தில் தனியாக நின்று கைதட்டினேன் என்பதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அடுத்து மாதம்மாவும் பூங்கொடியும் சேர்ந்தே என் அலுவலகத்துக்கு வந்தார்கள். நான் பாட்டு விஷயத்தை விளக்கினேன். ஒளிக்காமல் ஆபத்தையும் சொன்னேன். உங்கள் பெயரில் நோட்டீஸ் போனால் உங்கள்மேல் பாய்வார்கள், காண்ட்ராக்டரிடம் சொல்லி நிறுத்தப் பார்ப்பார்கள், நான் வழக்குப் போடுவேன், ஆனால் வழக்கு நாளைக்கே முடியாது என்றேன்.

பூங்கொடி குறுக்கே விழுந்தாள். "அக்காவ இதுல இழுக்க வேணாம் மேடம். எடுத்தது நானு. நானே பேரக் குடுத்துடறன்."

"நீ வாய மூடு" என்றார் மாதம்மா. "உன் பேரு கேட்டாதான உன் பேரச் சொல்லணும்? இப்ப கேக்கறது என் பாட்ட." பிறகு என்னைப் பார்த்தார். "நன் ஹாடு மேடம் அது. என் பாட்டு. என் தங்கச்சிக்குப் பாடற மாதிரிதான் கட்டனன். அந்தப் பாட்ட வெச்சே விரலு போன பொண்ணு விசயத்த மூடறாங்கன்னா எனக்கு வவுறு எரியாதா?"

"வேலை போனா?"

"நான் அவங்க ஆளே இல்லன்னு கோர்ட்டுல சொல்றாங்களே மேடம். அவங்க ஆளே இல்லாதவள அவங்க எப்பிடி வேலைய உட்டு எடுப்பாங்க?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் பயம் இல்லாமல் இல்லை. பயந்துகொண்டேதான் கையெழுத்துப் போட்டார். அதனால்தான் அவர்மேல் எனக்கு அவ்வளவு மரியாதை.

பாட்டைப் பாடிக் காட்டச் சொன்னேன். கூச்சப்படாமல் பாடினார்.

கையி ரெண்டும் பத்திரம் கண்ணே,
மெசினுக்கு ஈரமில்ல கண்ணே,
ஜோபானா தங்கம்மா, ஜாக்ரத்த அண்ணய்யா,
வூட்டுக்கு முழுசா வந்து சேரு.

கவனம் என்பதைத் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் சேர்த்துச் சொல்லியிருந்தார். அந்தத் தொழிற்சாலையில் நிற்கிற எல்லோருக்கும் புரிய வேண்டும் என்று நினைத்துக் கட்டியது. பாட்டு முடிந்ததும் பூங்கொடி அழுதாள்.

பாட்டு மாதம்மாவுடையது, புகாரை வாபஸ் வாங்குங்கள் என்று நோட்டீஸ் போன கொஞ்ச நாளில் கம்பெனிக்காகப் பெங்களூரிலிருந்து ஒரு வக்கீல் வந்தார். கூடவே அந்த ஹெச்.ஆர். அதிகாரி. வக்கீல் நல்ல மனிதர், டீயை ரசித்துக் குடித்தார். பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்றார். அவர் எடுத்ததுமே வேகமாகப் போனார், அதுதான் வினையாயிற்று. எங்கள் வேலையில் பேசிக்கொண்டே இருக்கும் எதிராளியை இடைமறிக்காதீர்கள்.

"மேடம், பாட்டு எங்க வளாகத்துல உருவானது. எங்க நிகழ்ச்சிக்காக உருவானது. எங்க தொழிலாளி ஒருத்தர் பாடினது. உரிமை எங்களுக்குத்தான் வரும்."

"எந்தத் தொழிலாளி?"

"மாதம்மா."

"யாரோட தொழிலாளி?"

"எங்க..." என்றவர் நிறுத்தினார். பக்கத்தில் ஹெச்.ஆர். அதிகாரி இருமினார். தொழிலாளர் நீதிமன்றத்து வழக்கை வேறொரு வக்கீல் பார்த்துக்கொண்டிருந்தார். இவருக்கு அதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. ஒரே கம்பெனி இரண்டு வக்கீல் வைத்து இரண்டு கதை சொன்னால் இப்படித்தான் நடு வழியில் முட்டிக்கொள்ளும்.

"சொல்லுங்க சார்" என்றேன். "எங்க தொழிலாளின்னு லெட்டர்ஹெட்ல எழுதிக் குடுத்துடுங்க. பாட்டைச் சந்தோஷமா எடுத்துக்குங்க. நாளைக்கே அந்த லெட்டரைத் தொழிலாளர் நீதிமன்றத்துல தாக்கல் பண்றேன். மாதம்மாவும் கூட இருக்கிற அத்தனை பேரும் பெர்மனென்ட் ஆகட்டும்."

ஹெச்.ஆர். அதிகாரி அவசரமாகக் குறுக்கிட்டார். "அந்தம்மாவுக்குப் பரிசு குடுத்தோம் மேடம். அதோட பாட்டு எங்களுக்கு வந்துருச்சு இல்லையா?"

"என்ன பரிசு?"

"ஹாட் பாக்ஸ்."

பெங்களூர் வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். உரிமையை எழுதி வாங்காமல் ஹாட் பாக்ஸைக் கொடுத்துப் பாட்டை வாங்க முடியாது என்று அவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பிறகு வேறு வழியாக வந்து பார்த்தார். வீடியோ எடுத்தது யார் என்று மட்டும் சொல்லிவிட்டால் புகாரை வாபஸ் வாங்குவதாகவும், அந்தப் பெண்ணை ஒன்றும் செய்யமாட்டோம் என்றும் சொன்னார்.

"என் கட்சிக்காரர் மாதம்மா. அவர் பாட்டைப் பத்திப் பேசத்தான் நீங்க வந்திருக்கீங்க. வீடியோ எடுத்தவர் யாருன்னு நான் எதுக்குச் சொல்லணும்? உங்களுக்கு அது தெரிஞ்சாகணும்னா, மெஷின் கண்ணுல டேப் ஒட்டினவர் யாருன்னு முதல்ல நீங்க சொல்லுங்க."

அவர் ஹெச்.ஆர். அதிகாரியைத் திரும்பிப் பார்த்தார். அப்படியொரு டேப் இருந்ததும் அவருக்குச் சொல்லப்படவில்லை என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. மீதி டீயைக் குடித்துவிட்டு, அவகாசம் கேட்டுக்கொண்டு கிளம்பினார்.

இளையவர்களே, இங்கே கொஞ்சம் நிற்கிறேன். நீங்கள் பார்க்கப் போகும் வழக்குகளில் கேமரா இருக்கும், முகத்தை அடையாளம் காணும் கருவி இருக்கும், போனுக்குள்ளே புகுந்து பார்க்கும் செயலி இருக்கும். புதிது புதிதாக வரும், பெயரும் வாயில் நுழையாது. மலைக்காதீர்கள். எந்தக் கருவி வந்தாலும் யாருக்கு யாருடைய பெயர் வேண்டியிருக்கிறது என்று பாருங்கள், எதற்காக என்று பாருங்கள். ஒரு படிவம் நிரப்பச் சொல்லி வந்தால், அது எந்த மேஜையில் போய் விழும் என்று கேளுங்கள். சட்டம் உங்களுக்கு ஐந்து வாதம் கொடுத்தால், அவற்றில் கட்சிக்காரரை அம்பலத்தில் நிறுத்தாத வாதம் எதுவோ அதைத் தேடுங்கள். அது பாடப் புத்தகத்தில் முதலில் வரும் வாதமாக இருக்காது. அதிகாரி வந்து 'ரூல்' என்றால் எந்த ரூல், எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். நான் அப்படிக் கேட்டுக் கேட்டே பல பேரிடம் வாயாடி என்று பெயர் வாங்கினேன். அந்தப் பெயரை நான் யாருக்கும் மாற்றிக் கொடுக்கத் தயாரில்லை.

கம்பெனி புகாரை வாபஸ் வாங்கியது. வேறு வழியில்லை. பாட்டா, காண்ட்ராக்ட் வழக்கா என்று வந்தபோது பாட்டைத்தான் விட்டார்கள். மேற்படி பாட்டில் எங்களுக்கு எந்த உரிமையும் இல்லை என்று மாதம்மாவின் பெயருக்கே எழுதிக் கொடுத்தார்கள். வீடியோ மறுபடியும் இணையத்தில் வந்தது. லதாவின் விரல் போன விவகாரத்தில் 'கவனக்குறைவு' என்ற வார்த்தையை அதற்குப் பிறகு யாரும் சொல்லவில்லை. பூங்கொடி எந்தப் படிவத்திலும் பெயர் எழுதவில்லை. எப்போதும்போல ஷிஃப்டுக்குப் போனாள்.

நான் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். மாதம்மா அப்படி நினைக்கவில்லை. எழுதிக் கொடுத்ததை வாங்கிப் போக வந்தவர், என்னை உட்காரவைத்துப் படிக்கச் சொன்னார். படித்தேன்.

"அப்ப இது அவங்க பாட்டு இல்ல."

"இல்லை."

"என் பாட்டு."

"உங்க பாட்டு."

"நான் பாட வேணான்னு சொன்னா நிறுத்தணுமா மேடம்?"

"நிறுத்தணும்."

"வீடியோ இல்லாத நாள்ல மறுபடியும் டேப்ப ஒட்டிட்டாங்க மேடம். நானே பாத்தன், தெனைக்கும் அந்தப் பக்கந்தான் பெருக்கறன். மேல என் கொரலு பத்திரம் பத்திரம்னு பாடுது, கீழ கண்ணக் கட்டி வெச்சிருக்காங்க. எழுதுங்க மேடம். அந்த டேப்ப எடுக்கற வரைக்கும் என் பாட்டு அங்க பாடக் கூடாது."

என் தொழில் வாழ்க்கையில் எத்தனையோ நோட்டீஸ் எழுதியிருக்கிறேன். கட்சிக்காரர் சொன்னதில் ஒரு வார்த்தைகூட மாற்றாமல் எழுதியது அது ஒன்றுதான்.

நோட்டீஸ் போய்ச் சேர்ந்த மறுநாள் காலை ஷிஃப்டுக்குச் சைரன் ஊதியது. பாட்டு வரவில்லை. ஒலிபெருக்கி கெட்டுவிட்டதா என்று யாரோ கேட்டார்கள். மாதம்மாக்கா நிறுத்தச் சொல்லிவிட்டார், டேப்பை எடுத்தால்தான் பாட்டாம் என்று ஒருவர் சொல்ல, அது லைன் லைனாகப் போயிற்று. சூப்பர்வைசர் மெஷினைப் போடச் சொல்லிக் கத்தினார். யாரும் கையைத் தூக்கவில்லை. எலெக்ட்ரீஷியன் வந்து டேப்பைக் கிழித்து, வயரைப் பழையபடி மாட்டி, தன் கையையே உள்ளே நீட்டி மெஷின் நிற்கிறது என்று காட்டிய பிறகுதான் பூங்கொடி முதல் தகட்டை எடுத்து வைத்தாள்.